நாய்க்கு வரும் கல்லடைப்பும் பத்திய உணவும்

மருந்து உண்போர் பத்தியமும் காக்கவேண்டும் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்துள்ள செய்தி. இன்ன நோய்க்கு இன்ன பொருள் ஆகாது என விலக்குவதும், உப்பும் புளியும் குறைத்து உண்பதும் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்வனவே. ஆனால், வீட்டைக் காக்கும் நாய்க்கும் பத்தியம் உண்டு என்று கூறினால் நகைப்போர் உளர். நாய்க்கு எதைப் போட்டால் என்ன, மீந்ததைத் தின்று கிடக்கட்டும் என்பதே பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் கால்நடை மருத்துவ இயல் தெளிவாகக் காட்டியுள்ளது. அதிலும், நாயின் சிறுநீர்ப்பையில் தோன்றும் கற்களுக்கும் அது உண்ணும் உணவுக்கும் உள்ள தொடர்பு பெரிதும் அறியத்தக்கது. ஒருவகைக் கல் தக்க உணவாலும் மருந்தாலும் கத்தி படாமலே கரைந்து போகிறது. மற்றொரு வகைக் கல்லோ எந்த உணவுக்கும் கரைவதில்லை. முதற்கல்லுக்குரிய உணவை இரண்டாவதற்குக் கொடுத்தால் நன்மைக்கு மாறாகத் தீமையும் விளையலாம். ஆகவே, கல் எது, அதற்குரிய உணவு எது என்று பிரித்தறிவது உயிர்காக்கும் அறிவாகும்.

நோயின் குறிகள்

வாயில்லாப் பிராணி தன் நோயைச் சொல்லாது. அதன் நடத்தையே அதற்கு மொழி. அடிக்கடி சிறுநீர் கழிக்க முயல்வது, ஒவ்வொரு முறையும் சில துளிகளே விழுவது, சிறுநீரில் குருதி கலந்திருப்பது, கழிக்கும்போது முனகுவது, பழகிய நாய் வீட்டினுள்ளேயே நீர் விட்டுவிடுவது, பின்புறத்தை ஓயாமல் நக்கிக் கொண்டிருப்பது ஆகியவை நீர்ப்பாதையில் தொல்லை உண்டென்பதற்கு அடையாளங்கள். வீட்டினுள்ளே நீர் விட்டதற்காக நாயை அடிப்போர் பலர். அது குறும்பு அன்று, நோய் என்பதை அவர்கள் அறிவதில்லை.

இக்குறிகள் எல்லாம் கல்லால் மட்டுமே வருவன அல்ல. நீர்ப்பையில் கிருமி புகுந்து புண்பட்டாலும் இவை தோன்றும். முதிய நாய்களில் கட்டியாலும் தோன்றக்கூடும். ஆதலால் குறியைக் கண்டவுடன் பத்திய உணவை வாங்கிப் போடுவது முறையாகாது. சிறுநீர்ச் சோதனையும், எக்ஸ்ரே அல்லது ஒலியலைப் படமும் முதலில் வேண்டும்.

ஒரு குறி மட்டும் பொழுது போக்குவதற்கு இடம் தராதது. நாய் முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு துளியும் வெளிவராவிட்டால், பாதை முழுதும் அடைபட்டது என்று கொள்ளவேண்டும். இது பெரும்பாலும் ஆண் நாய்க்கே நேர்வது. பெண் நாயின் நீர்ப்புழை குட்டையானது, அகன்றது. சிறு கற்கள் தாமே வெளியேற இடமுண்டு. ஆண் நாயின் நீர்ப்புழையோ நீண்டது, குறுகியது. அதன் குறியினுள் ஒரு சிற்றெலும்பு உண்டு. நீர்ப்புழை அவ்வெலும்பின் பள்ளத்தினூடே செல்வதால் அங்கே விரிய வழியில்லை. உருண்டு வரும் கல் அந்த இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. அடைப்பு நீடித்தால் உடலைவிட்டு வெளியேற வேண்டிய நச்சுப்பொருள்கள் குருதியில் தேங்கும். பொட்டாசியம் மிகுந்து இதயம் தடுமாறும். நீர்ப்பை வெடிக்கவும் கூடும். சில நாள்களில் உயிரே போய்விடும். இந்நிலையில் எந்தப் பத்தியமும் உதவாது. உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது.

கல் பிறக்கும் வகை

கல் எவ்வாறு உண்டாகிறது என்பதை வகுப்பறையிலேயே விளக்கிக் காட்டலாம். கற்கண்டு செய்வோர் சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, அதனுள் நூலைத் தொங்கவிடுவர். நீர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை இருப்பதால், மிகுந்த சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். பாகில் நீரை ஊற்றி நெகிழ்த்தால் படிகம் வளராது. முன்பே வளர்ந்ததும் கரையத் தொடங்கும். நீர்ப்பையில் நிகழ்வதும் இதுவே. சிறுநீரில் கரைந்துள்ள உப்புகள் அளவுக்கு மிஞ்சினால் நுண்படிகங்கள் தோன்றுகின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து மணலாகி, பின்னர்க் கல்லாகின்றன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, எக்கல்லாயினும் சிறுநீர் நெகிழ்ந்திருந்தால் வளர்ச்சி தடைப்படும் என்பது. இரண்டாவது, கல்லுக்கு மூலப்பொருளாகும் உப்பை உணவில் குறைத்தால் கல்லின் வளர்ச்சியும் குறையும் என்பது. இவற்றோடு மூன்றாவதாகச் சிறுநீரின் அமிலத் தன்மையும் காரத் தன்மையும் கருதப்படவேண்டும். நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குவது அமிலம். சிவப்புத் தாளை நீலமாக்குவது காரம். சில உப்புகள் கார நீரில் படிகமாகும். சில அமில நீரில் படிகமாகும். பத்திய உணவு முழுவதும் இம்மூன்று உண்மைகளின்மேல் கட்டப்பட்டதே.

சிறுநீரில் நுண்படிகம் காணப்பட்டால் கல் இருந்தே தீரும் என்பதில்லை. எடுத்த சிறுநீரை நெடுநேரம் வைத்திருந்தாலும், குளிரில் வைத்தாலும் புதிதாகப் படிகம் தோன்றும். ஆதலால் நீரை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சோதிப்பது நல்லது.

கரையும் கல்

நாய்களுக்கு வரும் கற்களில் முதன்மையானது ஸ்ட்ருவைட் என்பது. மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு இது. 1845-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய கழிவு கலந்த மண்ணில் இப்படிகத்தைக் கண்ட உலெக்ஸ் என்பவர், ஸ்ட்ரூவே என்னும் அறிஞரின் பெயரை இதற்குச் சூட்டினார். கழிவு மண்ணில் கண்ட அதே பொருள் நாயின் நீர்ப்பையிலும் பிறக்கிறது என்பது இயற்கையின் ஒருமைப்பாட்டைக் காட்டுகிறது.

நாயிடத்தில் இக்கல் பெரும்பாலும் கிருமியால் வருவது. ஸ்டாபிலோகாக்கஸ், புரோட்டியஸ் என்னும் கிருமிகள் நீர்ப்பையில் புகுந்து, யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா மிகுந்தவுடன் சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. கார நீரில் ஸ்ட்ருவைட் கரைந்து நிற்க இயலாமல் படிகமாகிறது. குட்டையான நீர்ப்புழை வழியே கிருமி எளிதில் ஏறுவதால் பெண் நாய்களுக்கே இது மிகுதி. ஆண் நாய்க்கு அடைப்பு மிகுதி, பெண் நாய்க்குக் கிருமி மிகுதி என்பதன் காரணம் ஒரே உறுப்பின் அமைப்பே ஆகும்.

முன்னாளில் கல் என்றால் அறுவை என்பதே மருத்துவர் கண்ட வழி. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஆஸ்பர்ன் என்னும் கால்நடை மருத்துவப் பேராசிரியர் இதனை மாற்றினார். 1981-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சிறுநீர்க்கல் ஆய்வு நிலையத்துக்குப் பல நாடுகளிலிருந்து நாய், பூனை முதலிய விலங்குகளின் கற்கள் ஆய்வுக்கு வரலாயின. அவரும் உடன் உழைத்தோரும் சிறப்பு உணவாலும் கிருமிக்கொல்லி மருந்தாலும் ஸ்ட்ருவைட் கல்லைக் கரைத்துக் காட்டினர்.

அவ்வுணவின் அமைப்பைப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். புரதம் குறைக்கப்பட்டுள்ளது, புரதம் குறைந்தால் யூரியா குறையும், யூரியா குறைந்தால் கிருமி சிதைப்பதற்குப் பொருள் குறையும். மக்னீசியமும் பாஸ்பரசும் குறைக்கப்பட்டுள்ளன. இவை கல்லின் நேரடி மூலப்பொருள்கள். சிறுநீர் அமிலத்தன்மை அடையுமாறு பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. உப்பு சற்று மிகுதியாக்கப்பட்டுள்ளது. உப்பால் வேட்கை மிகும், வேட்கையால் நாய் நீர் மிகுதியாகக் குடிக்கும், சிறுநீர் நெகிழும். கிருமியின் உணவு, கல்லின் மூலப்பொருள், சிறுநீரின் தன்மை, அதன் செறிவு ஆகிய நான்கும் ஒருங்கே மாற்றப்படுவதால் கல் கரைகிறது.

ஆயினும் உணவு மட்டும் போதாது. கிருமி உள்ளவரை அம்மோனியா தோன்றிக்கொண்டே இருக்கும்; ஆகவே கிருமிக்கொல்லி மருந்தும் உடன் நடக்கவேண்டும். கல் கரையக் கரைய, அதன் உள்ளடுக்குகளில் மறைந்திருந்த கிருமிகள் வெளிவருகின்றன. வெளிக்குறிகள் நீங்கின என்று மருந்தை இடையில் நிறுத்தியோர் மீண்டும் தொடக்கத்துக்கே வருவது இதனாலேதான். பூனையின் நிலை வேறு. பூனைக்கு வரும் ஸ்ட்ருவைட் பெரும்பாலும் கிருமியின்றியே வருவதால் உணவு ஒன்றாலேயே கரைந்துவிடும். பூனைக்குக் கண்ட பயனை நாய்க்கும் அவ்வாறே எதிர்பார்ப்பது பிழை.

கரைவதற்கு ஆகும் காலம் கல்லின் பருமனைப் பொறுத்தது. சில வாரங்களில் கரைவனவும் உள; பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் கல் சிறுக்கின்றதா என்று பார்ப்பர். படத்தில் கல் மறைந்த பிறகும் மேலும் ஒரு மாத காலம் உணவைத் தொடர்வது வழக்கம். ஏனெனில் எக்ஸ்ரேக்குத் தெரியாத நுண்கற்கள் எஞ்சியிருக்கலாம். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலும், தடையொன்றும் இல்லாவிடில் ஸ்ட்ருவைட் கல்லை அறுவையின்றிக் கரைப்பதையே பரிந்துரைக்கிறது.

இவ்வுணவு எல்லா நாய்களுக்கும் ஆகாது. வளரும் குட்டிக்கும், சினைப்பட்ட நாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் புரதம் மிகுதியாக வேண்டுமாதலின் ஆகாது. உப்பு மிகுந்திருப்பதால் இதய நோயுற்ற நாய்க்கு ஆகாது. கொழுப்பு மிகுந்திருப்பதால் கணைய அழற்சி கண்ட நாய்க்கும் ஆகாது. மருந்துக்கு அளவும் காலமும் இருப்பதுபோல் இவ்வுணவுக்கும் உண்டு.

கரையாத கல்

இரண்டாவது கல் கால்சியம் ஆக்சலேட் என்பது. மினசோட்டா நிலையம் தொடங்கிய காலத்தில் அங்கு வந்த நாய்க்கற்களில் ஸ்ட்ருவைட்டே மிகப் பெரும்பான்மை. ஆக்சலேட் மிகச் சிறுபான்மை. அடுத்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் ஆக்சலேட் பெருகி ஸ்ட்ருவைட்டுக்கு இணையாக வந்து நின்றது. மினியேச்சர் ஷ்னாசர், லாசா அப்சோ, யார்க்‌ஷயர் டெரியர், ஷிட்சூ, பிஷோன் பிரீசே ஆகிய சிற்றின நாய்களுக்கு, அவற்றுள்ளும் நடுவயது கடந்த ஆண் நாய்களுக்கு இது மிகுதியாக வருகிறது. அடுக்குமாடி வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படுவன இவ்வினங்களே என்பதால், கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற நகர மக்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

இக்கல்லை உணவாலோ மருந்தாலோ கரைக்க இயலாது. சிறு கற்களாயின், மயக்க மருந்து கொடுத்து நாயை நிமிர்த்திப் பிடித்து, நீர்ப்பையை நிரப்பி அழுத்தி நீரோடு கல்லை வெளியேற்றும் முறை ஒன்று உண்டு. லேசர் ஒளியால் உடைத்து எடுப்பதும் உண்டு. இவை இயலாவிடின் அறுவையே வழி. ஆனால், எடுத்த பின் மீண்டும் வாராமல் தடுப்பதில் உணவுக்குப் பங்கு பெரிது. இக்கல் பல நாய்களுக்கு மூன்றாண்டுக்குள் திரும்பவும் தோன்றுகிறது.

முன்னே கூறிய எச்சரிக்கையின் பொருள் இங்கே விளங்கும். ஸ்ட்ருவைட்டைக் கரைப்பதற்குச் சிறுநீரை அமிலமாக்கவேண்டும். ஆக்சலேட் கல் உள்ள நாய்க்கோ அதே அமிலம் பகை. உடல் அமிலத்தன்மை அடைந்தால் சிறுநீரில் கால்சியம் மிகுதியாக இறங்குகிறது. கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறைகிறது. எனவே ஒரு கல்லுக்கு மருந்தாவது மற்றொரு கல்லுக்கு எருவாகிறது. அண்டை வீட்டு நாய்க்கு நலம் தந்த உணவு என்று கேட்டு வாங்கி வந்து கொடுப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். இரு கற்களும் வெளிக்குறியில் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சோதனையில்தான் தெரியும்.

ஆக்சலேட் கண்ட நாய்க்குப் பசலைக்கீரை முதலிய ஆக்சலேட் மிகுந்த கீரைகளைத் தவிர்க்கவேண்டும். வைட்டமின் சி மாத்திரையும் ஆகாது. அது உடலில் ஆக்சலேட்டாக மாறும். நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே செய்துகொள்வதால் அதற்குத் தனியே கொடுக்கவேண்டிய தேவையும் இல்லை. சுண்ணாம்புச் சத்துத்தானே கல்லாகிறது என்று எண்ணி உணவில் கால்சியத்தை அடியோடு நீக்குவதும் தவறு. குடலில் கால்சியம் ஆக்சலேட்டைப் பற்றி வெளியேற்றுகிறது. கால்சியம் இல்லாவிடின் ஆக்சலேட் தடையின்றிக் குருதியில் கலந்துவிடும். இங்கு வேண்டுவது நீக்கம் அன்று; அளவு.

டால்மேஷனின் தனி இயல்பு

வெண்மேனியில் கரும்புள்ளி பரந்த டால்மேஷன் நாயின் வரலாறு மாணவர்க்குக் கூறத்தக்கது. புலால் உணவிலுள்ள பியூரின் என்னும் பொருள் உடலில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான நாய்கள் அதனை ஈரலில் அலன்டோயின் என்னும் எளிதில் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றும். மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலால்தான் மனிதனுக்குக் கீல்வாதம் வருகிறது. டால்மேஷன் இவ்வகையில் மனிதனை ஒத்திருப்பதை அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ஸ்டான்லி பெனடிக்ட் 1916-ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். அந்நாயின் ஈரலில் மாற்றும் நொதி உண்டு. ஆனால் யூரிக் அமிலத்தை ஈரல் அணுவினுள் கொண்டுசேர்க்கும் கடத்தி பழுதுற்றிருக்கிறது. அப்பழுதுக்குரிய மரபணுவை 2008-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுபிடித்தனர். மிகுந்த யூரிக் அமிலம் சிறுநீரில் இறங்கி யூரேட் கல்லாகிறது. இக்கல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. ஒலியலைப் படம் வேண்டும்.

1973-இல் ராபர்ட் ஷைபிள் என்னும் மரபியல் அறிஞர் டால்மேஷனை இங்கிலீஷ் பாயிண்டர் என்னும் இனத்தோடு ஒருமுறை கலந்து, அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் டால்மேஷனோடே சேர்த்துப் பழுதற்ற நாய்களை உருவாக்கினார். இனத்தூய்மை கெடும் என்று எதிர்த்தோர் பலர். நெடிய வழக்காடலின் பின் 2011-இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் அவ்வழி வந்த நாய்களைப் பதிவேட்டில் ஏற்றது. தூய்மை பெரிதா, நலம் பெரிதா என்னும் வினாவுக்கு அந்நிகழ்ச்சி ஒரு விடையாகும்.

யூரேட் கல்லுக்குரிய பத்தியம் பியூரின் குறைந்த உணவு. ஈரல், சிறுநீரகம், இதயம் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியும், மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களும் பியூரின் மிகுந்தவை. மலேசிய வீடுகளில் நாய்க்குச் சோற்றோடு கலந்து போடப்படுவன பெரும்பாலும் கோழி ஈரலும் நெத்திலியும் அல்லவா? நலமான நாய்க்கு அவற்றால் தீங்கில்லை. டால்மேஷனுக்கு அவையே கல்லாகும். அவற்றுக்கு மாறாக முட்டையும் பாற்புரதமும் ஏற்றவை. சிறுநீர் காரத்தன்மையோடு இருப்பதும் இக்கல்லுக்கு நல்லது. இதுவும் ஸ்ட்ருவைட்டுக்கு நேர் எதிர். உணவோடு அல்லோபூரினால் என்னும் மருந்தையும் மருத்துவர் கொடுப்பதுண்டு. அம்மருந்தை உண்ணும் நாய்க்குப் பியூரின் மிகுந்த உணவும் கொடுத்தால் சாந்தைன் என்னும் வேறொரு கல் பிறக்கும். மருந்தும் பத்தியமும் ஒன்றையொன்று பிரியலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நான்காவதாகிய சிஸ்டீன் கல் அரியது. 1810-இல் ஆங்கில அறிஞர் உல்லாஸ்டன் மனிதனின் நீர்ப்பைக் கல்லிலிருந்து முதலில் பிரித்தறிந்த பொருள் இது. பை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு மூலம். நியூபவுண்ட்லாந்து, புல்டாக் முதலிய இனங்களில் மரபுவழி வருகிறது. புரதம் குறைந்த உணவும், காரத்தன்மையுள்ள சிறுநீரும் இதற்கு வேண்டும்.

சிறுநீரகம் தளர்ந்த நாய்

கல் ஒன்று, சிறுநீரகத் தளர்ச்சி வேறொன்று. முதுமையில் சிறுநீரகம் சிறிது சிறிதாகச் செயலிழக்கும் நாய்க்குப் பாஸ்பரசும் புரதமும் குறைத்த உணவு கொடுக்கப்படுகிறது. விலங்குகளுக்கு மருத்துவ உணவு என்னும் துறை தோன்றியதே இந்நோயால்தான். 1939-இல் அமெரிக்காவில் மாரிஸ் பிராங்க் என்னும் கண்ணில்லாதவர், தமக்கு வழிகாட்டும் பட்டி என்னும் நாயோடு நாட்டைச் சுற்றிவந்தார். அந்நாய்க்குச் சிறுநீரக நோய் கண்டது. மார்க் மாரிஸ் என்னும் கால்நடை மருத்துவர் அதற்கென ஓர் உணவைத் தம் சமையலறையிலேயே ஆக்கிக் கொடுத்தார். ஊர் ஊராகச் செல்வோருக்குக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து அனுப்பிய உணவு வழியில் உடைந்து வீணானதால், தகரக் குவளையில் அடைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1948-இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹில் நிறுவனம் அதனைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. ஒருவருக்குக் கண்ணாக இருந்த நாயைக் காக்க எழுந்த முயற்சி பின்னர் எண்ணற்ற நாய்களுக்குப் பயன்பட்டது. எனினும் அவ்வுணவு வேறு, கல்லைக் கரைக்கும் உணவு வேறு என்பது மறக்கத்தக்கதன்று. உப்பு மிகுந்த கரைப்புணவைத் தளர்ந்த சிறுநீரகத்துக்குக் கொடுத்தல் தீங்கு.

நீரே முதல் மருந்து

கற்கள் பலவாயினும் எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு, அது தண்ணீர். நலமான நாய்க்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு அரை லிட்டருக்கு மேல் என்று கொள்ளலாம். இதில் உணவிலுள்ள நீரும் அடங்கும். உலர்ந்த உணவில் நூற்றுக்குப் பத்துப் பங்கே நீர். குவளையில் அடைத்த ஈர உணவிலோ எழுபது எண்பது பங்கு நீர். ஆகவே கல் கண்ட நாய்க்கு ஈர உணவே ஏற்றது. உலர் உணவே கிடைக்குமாயின் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கலாம்.

தூய நீரை வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வைப்பதும், வெப்ப நாடாகிய இங்கே அதனை அடிக்கடி மாற்றுவதும் எளிய செயல்கள். சுவைக்காக உப்பில்லாத கோழிச்சாறு சிறிது கலக்கலாம். அதில் வெங்காயமோ பூண்டோ சேரக்கூடாது, அவை நாயின் குருதியணுக்களைச் சிதைப்பவை. குடித்த நீர் வெளியேறவும் வழி வேண்டும். காலையில் வீட்டைப் பூட்டிச் சென்று இரவில் திரும்பும் குடும்பத்தின் நாய் பகல் முழுதும் நீரை அடக்கிக் கிடக்கிறது. அடக்கிய நீரில்தான் படிகம் வளர்கிறது. நாளைக்கு மூன்று நான்கு முறையேனும் அதனை வெளியே கொண்டுசெல்வது பத்தியத்தின் ஒரு பகுதியே.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் குடிநீரும் மக்களின் கல்லடைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் வழங்கிவருவன. அவற்றை நாய்க்கும் ஊற்றுவோர் உளர். சாற்றோடு உள்ளே சென்ற நீரால் ஓரளவு பயன் இருக்கலாம். ஆயினும் ஆக்சலேட் கல் அவற்றால் கரையாது, கிருமியும் சாகாது. அவற்றை நம்பி நாள் கடத்துவதால் அடைப்பு முற்றிவிடும் இடர் உண்டு.

வீட்டுச் சமையலும் வீட்டாரின் கட்டுப்பாடும்

மருத்துவ உணவின் விலை மிகுதி என்பது உண்மை. அதனால் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்புவோர் பலர். விருப்பம் நல்லதே, ஆனால் கணக்கு எளிதன்று. 2013-இல் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், நாய்க்கென்று நூல்களிலும் பிறவிடங்களிலும் வெளிவந்த 200 சமையல் குறிப்புகளை ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, தேவையான சத்துகளில் ஒன்றையேனும் போதிய அளவில் கொண்டிருக்கவில்லை. நலமான நாய்க்கு எழுதிய குறிப்புகளின் நிலையே இது. நோயுற்ற நாய்க்கு ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டிச் சமைப்பது அதனினும் அரிது. ஆதலால் வீட்டில் சமைப்போர், விலங்குணவுத் துறை கற்ற மருத்துவரிடம் தம் நாயின் எடைக்கும் கல்லுக்கும் ஏற்ற அளவை எழுதி வாங்கிக்கொண்டு, அதனை மாற்றாமல் செய்வதே முறை.

புதிய உணவை ஒரே நாளில் மாற்றினால் நாய் மறுக்கும், வயிறும் கெடும். முதலிரு நாள்கள் பழைய உணவில் கால்பங்கு புதியது, பின் பாதி, பின் முக்கால் என ஏழு நாள்களில் மாற்றுவது நலம். எடுத்த கல்லை எறிந்துவிடாமல் ஆய்வுக்கு அனுப்பும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்வதும் வேண்டும். கல்லின் வகை தெரிந்தாலன்றிப் பின்னாளுக்குரிய உணவை உறுதியாகத் தேர்ந்தெடுக்க இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டுவது வீட்டாரின் ஒற்றுமை. மனிதன் தன் பத்தியத்தைத் தானே காக்கிறான். நாயின் பத்தியத்தைப் பிறர்தாம் காக்கவேண்டும். தாய் அளந்து வைத்த உணவை நாய் உண்ட பின், பாட்டி இரக்கப்பட்டு ஒரு கருவாட்டுத் துண்டைப் போடுகிறார். பிள்ளை தன் தட்டிலிருந்து கோழி எலும்பை நீட்டுகிறான். தந்தை பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுக்கிறார். ஒவ்வொருவரும் சிறிதுதானே என்று எண்ணுகின்றனர். சிறிது சிறிதாகச் சேர்ந்து பத்தியம் முறிந்துபோகிறது. இரண்டு மாதத்துச் செலவும் உழைப்பும் வீணாகி, நாய் மீண்டும் முனகத் தொடங்குகிறது. உணவு பயன் தரவில்லை என்று பழி உணவின்மேல் விழுகிறது.

அன்பால் கொடுப்பது போல, அன்பால் மறுப்பதும் உண்டு. ஏக்கத்தோடு நோக்கும் கண்களுக்கு முன்னே கையை மடக்கிக்கொள்வது எளிதன்று. ஆயினும் அந்நாயின் வலியை நினைத்துப் பார்ப்போருக்கு அது இயலும். இதனைச் சிறுவர்க்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர், உடல்நூலோடு கருணையையும் கற்பித்தவர் ஆவர். நாய்க்கு இடும் பிடிச்சோறும் அறிந்து இடப்படும்போதுதான் அறமாகும்.